வாடிக்கையாளர் கணக்குக்கு ஒரு டேட்டாபேஸ் - அமைப்பது எப்படி?

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல்)



டேட்டாபேஸ் பாடத்தை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நார்மலைசேஷன் என்றால் என்ன என்று கேள்வி வந்தால் இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்துவிடுவோம். ஆனால் நம் தெருவில் கடை வைத்திருக்கும் ஒருவர், "என் வாடிக்கையாளர் கணக்கை ஒழுங்கா கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுங்க" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் தைரியமாக உட்காருவோம்? புத்தகத்தில் உள்ள உதாரணம் எல்லாம் 'ஊழியர் - துறை', 'மாணவர் - பாடம்' என்றுதான் இருக்கிறது. கடைக்கணக்கு அப்படி அடக்கமாக இருப்பதில்லை. ஆகவே இக்கட்டுரையில் ஒரு உண்மையான கடையை எடுத்துக்கொண்டு, அதற்கு ரிலேஷனல் டேட்டாபேஸ் அமைக்கும் முறையை ஒவ்வொரு படியாகக் காண்போம். இறுதியாண்டு புராஜெக்டுக்கு என்ன செய்வது என்று யோசித்துக் கொண்டிருக்கும் ஜூனியர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

1. எடுத்துக்கொண்ட கடை

கோவைப் பக்கம் மோட்டார், பம்ப்செட் தொழிலுக்குப் பேர்போன பகுதி என்பது எல்லோருக்கும் தெரியும். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மில் மோட்டார் எதுவாக இருந்தாலும் காயில் எரிந்துபோனால் ரீவைண்டிங் கடைக்குத்தான் வர வேண்டும். அப்படி ஒரு கடையில் என் அப்பா 19 வருடமாக வைண்டராக இருக்கிறார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. மேற்படி கடையைத்தான் என் புராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டேன்.

கடையில் நடப்பது இதுதான். ஒரு விவசாயி மோட்டாரைக் கொண்டு வருவார். பிரித்துப் பார்த்து, காயில் கட்டி, பேரிங் மாற்றி, வார்னிஷ் ஊற்றி, காயவைத்து ஓட்டிப் பார்த்துக் கொடுப்பார்கள். பணம் உடனே முழுதாக வராது. கொஞ்சம் இப்போது, மீதி அறுவடைக்கு. சில சமயம் மோட்டாரை இறக்கி மாட்டப் போகும் ஆளிடமே தோட்டத்தில் வைத்துப் பணம் கொடுத்துவிடுவார்கள். இப்படி ஓடும் கணக்கை எப்படி வைப்பது?

2. 'ரிலேஷன்' என்ற சொல்

ரிலேஷனல் என்றால் அட்டவணைகளுக்கு இடையே உள்ள உறவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சொல் கணிதத்திலிருந்து வந்தது. கணக் கோட்பாட்டில் 'ரிலேஷன்' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு அட்டவணையுமே ஒரு ரிலேஷன். இங்கிலாந்தில் பிறந்த எட்கர் ஃபிராங்க் காட் என்பவர் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றியபோது 1970-ல் வெளியிட்ட கட்டுரையில்தான் இந்த முறை பிறந்தது. அதற்கு முன்பு ஒரு தகவலை எடுக்க வேண்டுமானால், அது எந்தப் பாதையில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் புரோகிராமர் தெரிந்திருக்க வேண்டும். "என்ன வேண்டும் என்று மட்டும் சொல், எப்படி எடுப்பது என்பதை மெஷின் பார்த்துக்கொள்ளட்டும்" என்பதே காட் அவர்களின் கருத்தின் சாரம். இதற்காக 1981-ல் டூரிங் விருது பெற்றார்.

அதே ஐ.பி.எம்.மில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் 1974-ல் 'சீக்வெல்' என்ற மொழியை வெளியிட்டார்கள். அதுவே பிறகு எஸ்.க்யூ.எல். ஆனது. 1986-ல் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு அதைத் தரமாக அறிவித்தது. ஈ.ஆர். படம் போடுகிறோமே, அது பீட்டர் சென் 1976-ல் கொடுத்தது. 50 வருடம் தாண்டியும் இந்த அடிப்படை மாறவில்லை. நம் சீனியர்கள் கடைகளுக்கு எழுதிக் கொடுத்த ஃபாக்ஸ்புரோவுக்கு 2015-ல் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. சாப்ட்வேர் போகும், வரும். அட்டவணை அமைக்கும் அறிவு நிற்கும்.

3. ஒரே ஷீட்டில் என்ன கெடுதல்?

கடையில் முதலில் நீள நோட்டு இருந்தது. பிறகு முதலாளியின் உறவினர் ஒருவர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரே ஷீட்டாகப் போட்டுக் கொடுத்தார். மொத்தம் 31 காலம். வாடிக்கையாளர் பெயர், ஊர், போன் 1, போன் 2, மோட்டார் விவரம், வந்த தேதி, பேரிங் 1, பேரிங் 2, கம்பி, கூலி, பாக்கி என்று போகும். பார்க்க வசதியாகத்தான் இருந்தது. ஆனால் பாடத்தில் சொல்லும் மூன்று கோளாறும் அதில் அப்படியே இருந்தன.

முதலாவது, திருத்தும்போது வரும் கோளாறு. ஒரே வாடிக்கையாளர் 40 தடவை வந்திருந்தால் அவர் போன் நம்பர் 40 வரிசையில் இருக்கும். நம்பர் மாறினால் 40-லும் மாற்ற வேண்டும். இரண்டு வரிசை விட்டுப் போனால் எது சரி என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, சேர்க்கும்போது வரும் கோளாறு. ஒரு புது மில்காரர் விலை விசாரித்துப் போகிறார். மோட்டார் இன்னும் வரவில்லை. அவர் பெயரை எங்கே எழுதுவது? பாதி காலி வரிசையாக எழுதினால்தான் உண்டு.

மூன்றாவது, நீக்கும்போது வரும் கோளாறு. பழைய வேலைகளை அழித்தால் அதோடு அந்த மோட்டாரின் சுற்று எண்ணிக்கை, கம்பி கேஜ் எல்லாம் போய்விடும். அடுத்த முறை அதே மோட்டார் வந்தால் அப்பா மறுபடியும் எரிந்த காயிலைப் பிரித்து ஒவ்வொரு சுற்றாக எண்ண வேண்டும்.

இந்த மூன்றையும்விடப் பெரிய குறை 'பாக்கி' என்ற ஒற்றைக் காலம். பணம் வந்தால் பழைய எண்ணை அழித்துப் புது எண்ணைப் போடுவார்கள். எப்போது வந்தது, எவ்வளவு வந்தது, யார் வாங்கினார்கள் என்று எதுவும் இருக்காது. ஒரு தடவை ஒரு விவசாயி, "2,000 ரூபாயை உங்க வைண்டர் கையிலதான் குடுத்தேன்" என்றார். அப்பா, "வாங்கினேன், அன்னைக்கே கல்லால சேர்த்துட்டேன்" என்றார். ஷீட்டில் பாக்கி குறையவில்லை. சேர்த்ததற்கு சாட்சி இல்லை. நோட்டு இருந்தபோது தேதிவாரியாக ஒரு வரியாவது இருந்திருக்கும். அதையும் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்கள். அப்பாவின் வாரச் சம்பளத்தில் 500 ரூபாய் வீதம் நாலு சனிக்கிழமை பிடித்தார்கள். அந்த நாலு வாரமும் அவர் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். பணம் போனதைவிட, 19 வருடம் வேலை பார்த்த இடத்தில் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போனதுதான் அவருக்கு வருத்தம்.

இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. ஒரு காலத்தைத் தப்பாக அமைத்தால் அதன் விலையைக் கம்ப்யூட்டர் பக்கமே போகாத ஒருவர் கொடுக்க நேரிடும் என்பதை டிசைன் செய்யப் போகும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

4. முதலில் கேள்வி, பிறகு அட்டவணை

நேராக 'கிரியேட் டேபிள்' என்று ஆரம்பிக்கக் கூடாது. இந்த டேட்டாபேஸ் எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். நான் முதலாளியிடமும் கடை ஆட்களிடமும் கேட்டுத் தொகுத்தவை இவை:

அ) இன்றைய தேதியில் யார் யார் எவ்வளவு பாக்கி?
ஆ) இந்த மோட்டாரை இதற்கு முன் எப்போது கட்டினோம்? எத்தனை சுற்று? என்ன கேஜ்?
இ) கடையில் இப்போது முடியாமல் கிடக்கும் மோட்டார்கள் எவை?
ஈ) எந்த ஆள் கையில் எவ்வளவு வசூல் பணம் இருக்கிறது?
உ) போன மாதம் எந்த பேரிங் எத்தனை போனது?

கேட்கும்போது கணக்கு எழுதுபவரை மட்டும் கேட்டால் போதாது, வேலை செய்பவரையும் கேட்க வேண்டும். 'மோட்டார்' அட்டவணையில் வாடிக்கையாளர் எண்ணைப் போட்டுவிட்டால், வேலைச் சீட்டில் வாடிக்கையாளரை மறுபடி எழுத வேண்டியதில்லை என்று ஒரு நாள் இரவு அப்பாவிடம் விளக்கிக் கொண்டிருந்தேன். அவர் கேட்டார்: "ஏங்கண்ணு, அந்த மோட்டாரை அவரு வித்துப்போட்டா? பழைய பாக்கி வாங்குனவன் தலையிலயா ஏறும்?"

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. செகண்ட் ஹாண்டில் மோட்டார் கைமாறுவது சகஜம். 'இந்த மோட்டார் இப்போது யாருடையது' என்பது ஒரு செய்தி. 'அந்தத் தேதியில் இந்த வேலையைக் கொடுத்தவர் யார்' என்பது வேறு செய்தி. ஆகவே வாடிக்கையாளர் எண் இரண்டு அட்டவணையிலும் இருக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைத்தது போல இருக்கும். அப்படியல்ல. இரண்டும் இரண்டு உண்மைகள். எது திரும்ப வருகிறது, எது வேறு என்று தெரிய வேண்டுமானால் தொழில் தெரிந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

5. எட்டு அட்டவணைகள்

கேள்விகளை வைத்துப் பார்த்தபோது கீழ்க்கண்ட எட்டு அட்டவணைகள் அமைந்தன.

வாடிக்கையாளர்: வாடிக்கையாளர் எண், பெயர், இனிஷியல், அடையாளப் பெயர், ஊர், பின்கோடு, ஜி.எஸ்.டி. எண், தொடக்கப் பாக்கி, நடப்பில் உள்ளாரா.

தொலைபேசி: வாடிக்கையாளர் எண், போன் எண், யாருடையது.

மோட்டார்: மோட்டார் எண், தற்போதைய உரிமையாளரின் வாடிக்கையாளர் எண், கம்பெனி, சீரியல் எண், குதிரைத்திறன், ஃபேஸ், சுற்று எண்ணிக்கை, கம்பி கேஜ்.

வேலை: வேலை எண், மோட்டார் எண், கொடுத்தவரின் வாடிக்கையாளர் எண், வந்த தேதி, கோளாறு, முடித்த தேதி, கொடுத்த தேதி.

பொருள்: பொருள் எண், பெயர், அளவீட்டு அலகு, இன்றைய விலை.

வேலைப்பொருள்: வேலை எண், பொருள் எண், அளவு, போட்ட விலை.

பணியாளர்: பணியாளர் எண், பெயர்.

வரவு: ரசீது எண், வாடிக்கையாளர் எண், தொகை, பெற்ற தேதி, வாங்கிய பணியாளர் எண், கல்லாவில் சேர்த்த தேதி.

இதில் சிலவற்றைக் கவனியுங்கள். ஒரு வேலைக்குப் பல பொருள்கள் போகும். ஒரு பொருள் பல வேலைகளுக்குப் போகும். இப்படி இரு பக்கமும் 'பல' வந்தால் நடுவில் ஒரு அட்டவணை வேண்டும். 'வேலைப்பொருள்' அதற்காகத்தான். கூலியையும் ஒரு 'பொருள்' ஆகவே வைத்துவிட்டால் பில் போடுவது சுலபம்.

'வரவு' அட்டவணையில் வேலை எண் இல்லாததைப் பார்த்து எங்கள் லேபில் ஒரு நண்பர் கேட்டார். கடையில் பணம் வேலைவாரியாக வருவதில்லை. அறுவடை முடிந்து 5,000 கொண்டு வந்து, "கணக்குல வெச்சுக்குங்க" என்பார்கள். எனவே வரவு வாடிக்கையாளருடன் சேரும், வேலையுடன் அல்ல. கடை நடக்கும் விதத்தைத்தான் அட்டவணை பின்பற்ற வேண்டும். அட்டவணைக்காகக் கடையை மாற்றச் சொல்ல முடியாது.

6. திறவுகோல்கள்

ஒவ்வொரு வரிசையையும் தனியாக அடையாளம் காட்டுவது பிரைமரி கீ எனப்படும் முதன்மைத் திறவுகோல். வாடிக்கையாளருக்கு எதைத் திறவுகோலாக வைப்பது?

பெயரை வைக்க முடியாது. எங்கள் கடையில் முருகன் மட்டும் பல பேர். போன் எண்ணை வைக்கலாமா? அதுவும் மாறும். தவிர ஒரே எண்ணை அண்ணன் தம்பி இருவரும் கொடுப்பார்கள். ஜி.எஸ்.டி. எண்ணை வைக்கலாமா? 15 இடங்கள் கொண்ட அந்த எண் ஒருவருக்கு இருப்பது மற்றவருக்கு இருக்காது. அதில் முதல் 2 இடம் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 இடம் பான் எண். ஆனால் விவசாயிகள் பலருக்கு அந்த எண்ணே கிடையாது. காலியாக இருக்கக்கூடிய ஒன்று முதன்மைத் திறவுகோல் ஆக முடியாது. ஆகவே நாமாக 1, 2, 3 என்று ஓடும் ஒரு எண்ணைக் கொடுப்பதே சிறந்தது. ஜி.எஸ்.டி. எண்ணுக்கு 'யூனிக்' என்ற கட்டுப்பாடு போட்டால் போதும். இருப்பவர்களுக்கு இரட்டிப்பு வராது, இல்லாதவர்களுக்குக் காலியாக விடலாம். மைசீக்வெல், போஸ்ட்கிரெஸ், சீக்வெல்லைட் மூன்றிலும் யூனிக் காலத்தில் பல வரிசைகள் காலியாக இருக்க அனுமதி உண்டு.

ஒரு அட்டவணையின் முதன்மைத் திறவுகோல் இன்னொரு அட்டவணையில் போய் உட்கார்ந்தால் அது ஃபாரின் கீ. 'வரவு' அட்டவணையில் 512-ம் வாடிக்கையாளர் என்று எழுதினால், 512 என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று டேட்டாபேஸே சோதிக்கும். வரவு உள்ள வாடிக்கையாளரை அழிக்கப் போனால் விடாது. அதனால்தான் 'நடப்பில் உள்ளாரா' என்ற காலம். வராமல் நின்றுபோனவரை அழிக்காமல் 'இல்லை' என்று குறித்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சீக்வெல்லைட்டில் ஃபாரின் கீ சோதனை தானாக வேலை செய்யாது. ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் அதற்கான 'பிராக்மா' கட்டளையால் திறந்துவிட வேண்டும். மைசீக்வெல்லில் 'மைஐசாம்' வகை அட்டவணை ஃபாரின் கீயை ஏற்பது போல் ஏற்று சும்மா விட்டுவிடும். 'இன்னோடிபி' வகைதான் சோதிக்கும். வைவா தேர்வில் கேட்டால் சொல்லுங்கள்.

7. நார்மலைசேஷன் - கடை மொழியில்

முதல் நிலை: ஒரு கட்டத்தில் ஒரு செய்தி. 'போன் 1, போன் 2', 'பேரிங் 1, பேரிங் 2' என்று காலங்களை நீட்டக் கூடாது. மூன்றாவது போன் வந்தால் என்ன செய்வது? அதனால் தொலைபேசி தனி அட்டவணை ஆயிற்று.

இரண்டாம் நிலை: இரண்டு காலம் சேர்ந்து திறவுகோலாக இருந்தால், மற்ற எல்லாம் அந்த இரண்டையும் சார்ந்திருக்க வேண்டும். 'வேலைப்பொருள்' அட்டவணையின் திறவுகோல் வேலை எண்ணும் பொருள் எண்ணும். அதில் '6204 பேரிங்' என்ற பெயரை எழுதினால் அது பொருள் எண்ணை மட்டுமே சார்ந்தது. ஆகவே அது 'பொருள்' அட்டவணைக்குப் போக வேண்டும்.

அப்படியானால் விலை? அதுவும் பொருளைத்தானே சார்ந்தது என்று தோன்றும். செம்புக் கம்பி விலை அடிக்கடி மாறும். 'பொருள்' அட்டவணையில் மட்டும் விலை இருந்து, அதை இன்று மாற்றினால் போன வருடப் பில் எல்லாம் தன்னால் மாறிவிடும். வாடிக்கையாளர் கையில் உள்ள பில் ஒன்று, கம்ப்யூட்டரில் உள்ளது ஒன்று என்றாகும். ஆகவே 'இன்றைய விலை' பொருளைச் சார்ந்தது, 'அன்று போட்ட விலை' அந்த வேலையையும் பொருளையும் சேர்த்துச் சார்ந்தது. இரண்டையும் வைக்க வேண்டும்.

மூன்றாம் நிலை: திறவுகோல் அல்லாத ஒன்றைச் சார்ந்து இன்னொன்று இருக்கக் கூடாது. 'வேலை' அட்டவணையில் வாடிக்கையாளரின் ஊரை எழுதினால், ஊர் வாடிக்கையாளர் எண்ணைச் சார்ந்தது, வாடிக்கையாளர் எண் வேலை எண்ணைச் சார்ந்தது. சுற்றி வளைத்து வரும் சார்பு இது. ஊரை வாடிக்கையாளர் அட்டவணையிலேயே விட்டுவிட வேண்டும்.

இதே காரணத்தால் 'பாக்கி' என்ற காலமே வேண்டாம். அது கணக்கிட்டுப் பெற வேண்டியது. நம் பெரியவர்கள் வைத்திருந்த பற்று வரவு நோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் தேதியோடு ஒரு வரி. எதையும் அழிக்க மாட்டார்கள். ரிலேஷனல் முறை அந்த நோட்டுக்கு அண்ணன் தம்பி என்றால் மிகையாகாது. வரவைத் தப்பாகப் பதிந்துவிட்டாலும் அழிக்காமல், மைனஸ் தொகையில் ஒரு வரி போட்டு நேர்செய்வதே முறை.

8. பெயரும் தமிழும்

புத்தகத்தில் 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று இரண்டு காலம் இருக்கும். நமக்கு அது பொருந்தாது. நம்மிடம் இனிஷியலும் பெயரும்தான். அதிலும் இனிஷியலைப் பிரித்துத் தனியாக வைத்தால்தான் 'கே.முருகன்', 'முருகன் கே' இரண்டும் இரண்டு ஆளாகாது. அதோடு கடையில் யாரும் இனிஷியல் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மேக்காட்டு முருகன்', 'ரைஸ்மில் முருகன்' என்றுதான் சொல்வார்கள். அதற்காகத்தான் 'அடையாளப் பெயர்' என்ற காலம். தேடும்போது அதிகம் உதவுவது அதுதான்.

அப்பா போன்றவர்கள் படிக்க வேண்டுமானால் திரையில் தமிழ் வர வேண்டும். யூனிகோடில் வைத்தால் எந்த மெஷினிலும் படிக்கலாம். ஆனால் கால நீளத்தைக் குறைவாகக் கொடுத்துவிடாதீர்கள். 'முருகன்' என்பது நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் ம, உகரக்குறி, ர, உகரக்குறி, க, ன, புள்ளி என 7 குறியீடு. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21 பைட். பெயர் பாதியில் வெட்டுப்பட்டால் 'முருகன்' என்பவர் 'முருக' ஆகிவிடுவார்.

போன் எண்ணை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைக்கவும். அதைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, முன்னால் உள்ள சைபரும் போகாது. தொகையை 'ஃப்ளோட்' வகையில் வைக்கக் கூடாது, பைசா பிசகும். 'டெசிமல்' வகையே சரி. தேதியைத் தேதி வகையிலேயே வைக்கவும்.

9. பாக்கி எடுக்கும்போது ஒரு பள்ளம்

பாக்கி = தொடக்கப் பாக்கி + பில் மொத்தம் - வரவு மொத்தம். ஷீட்டிலிருந்து மாறிய நாளில் இருந்த பாக்கிதான் தொடக்கப் பாக்கி. அதை மறுபடி தொடக் கூடாது.

வாய்ப்பாடு சுலபம். எஸ்.க்யூ.எல்.லில் எழுதும்போதுதான் பள்ளம் இருக்கிறது. ஒருவருக்குத் தொடக்கப் பாக்கி இல்லை. ஒரு வேலை, அதில் 3 வரி: கம்பி 1,500, பேரிங் 300, கூலி 1,000. மொத்தம் 2,800. அவர் கொடுத்த வரவு 2 வரி: 1,000, 800. மொத்தம் 1,800. உண்மையான பாக்கி 1,000 ரூபாய்.

இரண்டு அட்டவணையையும் வாடிக்கையாளர் எண்ணை வைத்து ஒன்றாக 'ஜாயின்' செய்து கூட்டினால் என்ன ஆகும்? 3 வரியும் 2 வரியும் பெருகி 6 வரி வரும். பில் தொகை ஒவ்வொன்றும் 2 தடவை கூடி 5,600. வரவு ஒவ்வொன்றும் 3 தடவை கூடி 5,400. பாக்கி 200 என்று காட்டும்! எரர் எதுவும் வராது. பார்க்க நல்ல எண்ணாகவே இருக்கும். கடைக்கு 800 ரூபாய் நஷ்டம், அல்லது யாரோ ஒருவர் மேல் பழி.

சரியான முறை: வேலைப்பொருளை வாடிக்கையாளர்வாரியாகத் தனியே 'குரூப் பை' செய்து கூட்ட வேண்டும். வரவைத் தனியே கூட்ட வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வரி என்று ஆன பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும். வரவே இல்லாதவர் பட்டியலில் விட்டுப்போகாமல் இருக்க 'லெஃப்ட் ஜாயின்' போட்டு, காலியை சைபராக மாற்ற வேண்டும். எந்தக் கேள்வியை எழுதினாலும் ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் தாளில் கையால் போட்டு ஒத்துப் பார்க்காமல் கடைக்குக் கொடுக்காதீர்கள்.

10. பாதுகாப்பு

பில் போட்டுக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்? வேலை பதிவாகி, பொருள் வரிகள் பாதி பதிவாகி நிற்கும். இதற்குத்தான் டிரான்சாக்ஷன். எல்லாம் முடிந்தால் 'கமிட்', இல்லையேல் 'ரோல்பேக்'. ஒன்று முழுதாக ஏறும், அல்லது ஒன்றுமே ஏறாது.

தினமும் கடை சாத்தும்போது பேக்கப் எடுத்து, அதை அதே கம்ப்யூட்டரில் வைக்காமல் வேறிடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது அந்தப் பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, தேவையில்லாததை வாங்கக் கூடாது. மோட்டார் கட்ட ஆதார் எண் எதற்கு? நம் நாட்டில் தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புக்கென்று 2023-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. மற்றவர் தகவல் நம்மிடம் இருப்பது அடகுக்கு வந்த நகை மாதிரி என்று நினைத்துக் கொள்ள வேண்டும்.

11. இப்போது கடையில்

புராஜெக்ட் கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்பிக்கை வரும்வரை பக்கத்தில் ஒரு நோட்டும் எழுதுகிறார்கள், நானும் அதைத்தான் சொன்னேன். 'வரவு' அட்டவணையில் பெற்ற தேதி, கல்லாவில் சேர்த்த தேதி என்று இரண்டு தேதி வைத்தேன் அல்லவா? இரண்டாவது காலியாக இருந்தால் பணம் இன்னும் அந்த ஆள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடுவதற்கு முன் ஆள்வாரியாக இந்தப் பட்டியலை எடுக்கிறார்கள். அப்பா தன் பெயருக்கு நேரே உள்ளதை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

பிடித்த அந்த 2,000 ரூபாய் திரும்ப வரவில்லை. வரவும் வராது. எழுதப்படாத ஒன்றை எந்த எஸ்.க்யூ.எல். கட்டளையும் எடுத்துத் தராது. இனி வருவதைத்தான் நாம் ஒழுங்குபடுத்த முடியும்.

முடிவுரை

நண்பர்களே! மளிகைக்கடை, தையல்கடை, பந்தல் சாமான் வாடகைக்கடை, அரிசி மண்டி என்று நம் ஊரில் எத்தனையோ கடைகளில் கணக்கு ஒரே ஷீட்டிலோ, ஒருவர் ஞாபகத்திலோதான் இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி பைண்டு போட்டு வைக்காமல், உங்கள் அப்பா அம்மா வேலை செய்யும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஐந்து கேள்வி எழுதுங்கள். ஒரு செய்திக்கு ஒரே இடம் கொடுங்கள். மாறாத எண்ணைத் திறவுகோலாக்குங்கள். கூட்டிப் பெறக்கூடியதைக் காலமாக வைக்காதீர்கள். பணம் தொட்ட எந்த வரியையும் அழிக்காதீர்கள். பிறகு அந்தப் படத்தை அவர்களிடமே காட்டி, "இதுல எது தப்பு?" என்று கேளுங்கள். நமக்கு மார்க் போடுபவர் ஆசிரியர் என்றாலும், நம் டிசைனுக்கு முதல் பரிசோதகர்கள் அவர்கள்தான்.